டா நாங்கிலிருந்து ஒரே நாளில் ஹுவே: வழிகாட்டியுடன் செல்வதா, எவற்றைப் பார்ப்பது?

டா நாங் நகரில் தங்கப் போகும் குடும்பத்துக்கு, அறுபது வயதைக் கடந்த பெற்றோரையும் உடன் வைத்துக்கொண்டு, ஹுவே நகருக்கென ஒதுக்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. அந்த நாளை வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாவில் செலவிடுவதா, வாடகைக் கார் எடுத்துத் தாமாகவே சுற்றுவதா, எந்த இடங்களை விட்டுவிடலாம், சைவ உணவு கிடைக்குமா என்பதே கேள்வி. வழிகாட்டியுடன் செல்லுங்கள் என்பது என் பதில். ஆனால் ஹுவேக்குள் நான்கு இடங்களுக்கு மேல் காட்டுவதாகச் சொல்லும் எந்தச் சுற்றுலாவிலும் சேராதீர்கள்.

வியட்நாமின் மற்ற ஊர்களில் வழிகாட்டி இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். ஹோய் ஆன் பழைய நகரத்தில் வீடுகளும் தெருக்களும் அப்படியே நிற்கின்றன. நடந்து பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஹுவே அப்படிப்பட்ட ஊர் இல்லை. 1802 முதல் 1945 வரை ஆண்ட ங்குயென் வம்சத்தின் பதின்மூன்று அரசர்களுக்குத் தலைநகராக இருந்த அந்த அரண்மனை வளாகத்தில் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன. 1947இல் பிரெஞ்சுப் படைகளுடன் நடந்த போரின்போது பற்றிய தீயிலும், வியட்நாம் போரின் 1968 தெத் (சந்திரப் புத்தாண்டு) தாக்குதலின்போது ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்த சண்டையிலும் அவற்றில் பெரும்பகுதி அழிந்துபோனது. இன்று அரசர் குடும்பம் வாழ்ந்த உட்பகுதிக்குள் நுழைந்தால் புல்வெளியும், அடித்தளக் கற்களும், அவற்றுக்கு நடுவே புதிதாகக் கட்டியெழுப்பிய சில மாளிகைகளும்தான் கண்ணில் படும். இல்லாத கட்டடத்தைச் சொல்லால் எழுப்பிக் காட்டத் தெரிந்த ஒருவர் உடன் இல்லையென்றால், இவ்வளவு தூரம் வந்து வெறும் மைதானத்தைப் பார்த்தோமே என்ற மனக்குறையோடு திரும்ப நேரிடும். அப்படித் திரும்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும். குறை ஊரினுடையது அன்று. அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

இனி நேரக் கணக்கு. டா நாங்கிலிருந்து ஹுவே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 2005இல் திறந்த ஹாய் வான் சுரங்கப்பாதை வழியாகச் சென்றால் இரண்டு மணி நேரம் போதும். கடலை ஒட்டி ஏறி இறங்கும் பழைய கணவாய்ச் சாலை வழியாகச் சென்றால், நின்று படம் எடுக்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் பிடிக்கும். பெரும்பாலான குழுச் சுற்றுலாக்கள் காலையிலேயே கணவாயைக் காட்டி, கீழே லாங் கோ பக்கம் ஒரு முத்துக்கடையிலும் நிறுத்தி, வெயில் ஏறிய பிறகே அரண்மனையைச் சூழ்ந்த கோட்டையின் வாசலில் கொண்டுவிடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் பகலுணவுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: கோட்டைக்குள் எவ்வளவு நேரம் தருவீர்கள், எந்தெந்த அரசர் கல்லறைகள், நுழைவுச் சீட்டுக் கட்டணம் சேர்த்தா சேர்க்காமலா, குழுவில் எத்தனை பேர், எத்தனை கடைகளில் நிறுத்துவீர்கள். கோட்டைக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தருகிறவரைத் தவிர்த்துவிடுங்கள்.

நீங்கள் நான்கைந்து பேர் என்பதால், உங்கள் குடும்பத்துக்கு மட்டுமான வண்டியும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்துகொள்வதே நல்லது என்று நினைக்கிறேன். தலைக்கு வரும் செலவு குழுச் சுற்றுலாவைவிடக் கூடும் என்றாலும், காலை ஏழு மணிக்கே புறப்பட்டு, போகும்போது சுரங்கப்பாதையைப் பிடித்து, ஒன்பது மணியளவில் கோட்டைக்குள் இருக்கலாம். பெற்றோர் எங்கே களைத்தாலும் அங்கே உட்காரவும் முடியும். ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஓட்டுநருடன் வாடகைக் கார் என்பதும் வழிகாட்டியுடன் சுற்றுலா என்பதும் வேறு வேறு. பல ஓட்டுநர்கள் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள், வழியெல்லாம் கதையும் சொல்வார்கள். ஆனால் உங்களை வாசலில் இறக்கிவிட்டு நிழலில் காத்திருப்பார்கள், உள்ளே வரமாட்டார்கள். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் அதற்கான அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார்கள்.

கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் நாளின் கனமான பகுதி அதுதான். முதல் அரசர் ஜியா லாங் காலத்தில் 1805 வாக்கில் தொடங்கிய வேலை, அவருடைய மகன் மின் மாங் காலத்தில் 1832இல் நிறைவடைந்தது. ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுள்ள வெளிமதிலும் அகழியும் ஐரோப்பியக் கோட்டைக் கலையைத் தழுவியவை. அவற்றுக்குள் அமைந்த அரண்மனையோ சீன முறைப்படி நிலம், நீர், மலை ஆகியவற்றின் சேர்க்கை பார்த்து அமைத்தது. எதிரே உள்ள ங்கு பின் குன்று அரண்மனைக்குத் திரை. முன்னே ஓடும் நறுமண ஆறு காவல் நீர். ஆற்றின் நடுவே உள்ள இரண்டு தீவுத்திட்டுகளும் இருபுறமும் காவல் காக்கும் நாகமும் (டிராகன்) புலியும். கொடிமேடைப் பக்கம் நின்றுகொண்டு இவற்றைத் திசை பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

அரண்மனையின் தெற்கு வாயிலான ங்கோ மோனில் ஐந்து வழிகள் உண்டு. நடுவழி அரசருக்கு மட்டும். அதன் இருபுறமும் குடிமை அதிகாரிகளுக்கும் படை அதிகாரிகளுக்கும். கடைசி இரண்டு வீரர்களுக்கும் யானை குதிரைகளுக்கும். மேலே உள்ள மண்டபத்தின் நடுக்கூரைக்கு மட்டும் அரச நிறமான மஞ்சள் ஓடு வேய்ந்திருப்பார்கள். 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசி அரசர் பாவோ டாய் முடி துறந்ததும், அரச முத்திரையையும் வாளையும் புதிய அரசின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்ததும் இந்த மண்டபத்தில்தான். பெரும்பாலோர் கீழே படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். மேலே ஏறிப் பாருங்கள். முடிதுறப்பைக் காணத் திரண்ட கூட்டம் நின்ற வெளி முழுவதும் அங்கிருந்து தெரியும்.

அடுத்து வருவது தாய் ஹுவா அரியணை மண்டபம். அரக்குச் சிவப்பில் பொன் நாகங்கள் சுற்றிய எண்பது தூண்கள் அதைத் தாங்குகின்றன. மழையும் ஈரமும் தின்றுவிட்ட மரவேலையைக் கழற்றிப் புதுப்பிக்கும் பணி 2021இல் தொடங்கி, 2024 நவம்பரில் மண்டபம் மீண்டும் திறந்தது. 2025 மே மாதத்தில் ஒருவர் தடுப்பைத் தாண்டி ஏறி அரியணையின் கைப்பிடியை உடைத்துவிட்டார். எனவே காவலர்கள் கடுமையாக நடந்துகொண்டால் தவறாக எண்ண வேண்டாம். அதற்கும் பின்னே, வளாகத்தின் வட எல்லையில், காய் டின் அரசர் 1920களின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சாயலில் கட்டிய கியன் சுங் மாளிகை உள்ளது. 1947இல் தரைமட்டமான அந்த மாளிகையைப் பழைய படங்களையும் அடித்தளத்தையும் கொண்டு மீண்டும் கட்டி, 2024 தொடக்கத்தில் திறந்தார்கள். அங்கே எது பழையது, எது புதியது என்று வழிகாட்டியிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நல்ல வழிகாட்டிகள் மறைக்க மாட்டார்கள்.

நேரம் இல்லை என்று குழுக்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் ஒரு மூலையைக் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். மேற்குப் பக்கத்தில் தே மியூ என்னும் அரச முன்னோர் கோயிலும், அதன் முற்றத்தில் ஒன்பது வெண்கலக் கொப்பரைகளும் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு டன் எடை. மின் மாங் 1835இல் வார்க்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் முடித்த இவற்றின் மேல், நாட்டின் ஆறுகள், மலைகள், கடல்கள், கப்பல்கள், பீரங்கி, யானை, மயில், பலா என 162 உருவங்கள் புடைப்பாக இருக்கின்றன. ஒரு நாடு தன்னிடம் உள்ளவற்றையெல்லாம் வெண்கலத்தில் பட்டியலிட்டு வைத்தது போன்ற வேலை அது. 2024இல் யுனெஸ்கோ இந்த உருவங்களை ஆசிய பசிபிக் பகுதிக்கான உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. குண்டுகள் பட்ட தழும்புகளையும் சில கொப்பரைகளில் காணலாம். கோயிலுக்குள் இருக்கும் பலிபீடங்களுக்கும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்ததற்காக நாடுகடத்தப்பட்ட ஹாம் ங்கி, தான் தாய், சுய் தான் ஆகிய மூன்று அரசர்களுக்கும் அங்கே நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. 1959இல்தான் அவர்களுடைய பீடங்களைச் சேர்த்தார்கள். ஹாம் ங்கி அல்ஜீரியாவில் இறந்தார். சுய் தானுக்குக் கிடைத்தது ரீயூனியன் தீவு. தான் தாய் ஒருவர்தான் முதுமையில் உயிரோடு தாய்நாடு திரும்பினார். இந்த மூவரின் கதையைச் சொல்லாமல் ஹுவேயைக் காட்டி முடிக்கும் வழிகாட்டி, அரண்மனையை மட்டுமே காட்டியிருக்கிறார்.

வழிகாட்டி உள்ளூர்க்காரராக இருந்தால் 1885ஆம் ஆண்டைப் பற்றியும் கேளுங்கள். அந்த ஆண்டு ஜூலை 5 அன்று கோட்டை பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது; இரவோடு இரவாக ஓடிய மக்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் 23ஆம் நாளையொட்டி ஹுவே வீடுகளின் முன்னே இன்றும் படையல் வைக்கிறார்கள். யார் பெயரும் சொல்லாமல், அன்று இறந்த எல்லோருக்குமாகச் செய்யும் திதி அது. புத்தகங்களைவிட உள்ளூர்ப் பிள்ளைகளின் வாயிலிருந்து இதைக் கேட்பதே சிறப்பு.

கோட்டையிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவில், ஆற்றங்கரை மேட்டில் தியன் மு பௌத்தக் கோயில். 1601இல் ங்குயென் வம்சத்தின் முன்னோரான ங்குயென் ஹோவாங் நிறுவியது. முன்னே நிற்கும் ஏழு நிலைக் கோபுரம் 1844ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1710இல் வார்த்த பெரிய மணியும் அங்கே உள்ளது. பின்புறக் கொட்டகையில் நீல நிற ஆஸ்டின் கார் ஒன்று நிற்கும். 1963 ஜூன் 11 அன்று, பௌத்தர்கள் மீதான ஒடுக்குமுறையை எதிர்த்து சைகோன் நாற்சந்தியில் தம்மைத் தீக்கிரையாக்கிக்கொண்ட துறவி திக் குவாங் டுக் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கார் அது. இந்தக் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முக்கால் மணி நேரம் போதும். சில சுற்றுலாக்கள் இங்கிருந்து நகருக்கு நாகத்தலைப் படகில் அழைத்துவரும். வெயில் தாழ்ந்த வேளையில் அது இதமான பயணம், நடுப்பகலில் அவ்வளவு உசிதமில்லை. படகுக்குள்ளேயே பட்டுத்துணியும் அஞ்சல் அட்டைகளும் விற்பார்கள். வேண்டாமென்றால் ஒருமுறை புன்னகையுடன் சொன்னால் போதும்.

கல்லறைகளில் மூன்று புகழ்பெற்றவை: மின் மாங், து டுக், காய் டின். ஒரே நாளில் மூன்றும் வேண்டாம், இரண்டு போதும். எந்த இரண்டு என்று கேட்டால், து டுக், காய் டின் என்பேன். மின் மாங்கின் கல்லறை மூன்றிலும் கம்பீரமானது. நேர்கோட்டில் வாயில், முற்றம், மண்டபம், ஏரி, சமாதி என்று அளவு பிசகாமல் செல்லும். ஆயினும் மனிதக் கதை அதிகம் இருப்பது மற்ற இரண்டில்தான். அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை என்பதால் ஒன்று மற்றொன்றை விளக்கவும் செய்யும்.

து டுக் தம் கல்லறையைத் தாம் வாழும்போதே, 1864 முதல் 1867 வரை கட்டினார். ஏரியும், தாமரையும், பைன் மரங்களும், நீர்மேல் நிற்கும் மரமண்டபமும் உள்ள அந்த இடத்தில் கவிதை எழுதியும் நாடகம் பார்த்தும் தங்கினார். பார்ப்பவர்களுக்குப் பூங்காவாகவே தோன்றும். ஆனால் அதைக் கட்டிய உழைப்பாளர்கள் பட்ட பாடு பொறுக்க முடியாததாக இருந்தது. 1866இல் அவர்கள் சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைகளையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்தார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் தெற்கு மாகாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரான்சின் கைக்குப் போயின. அம்மை நோயால் பிள்ளைப்பேறு இல்லாமல் போன அந்த அரசருக்கு, மரபுப்படி நினைவுக் கல்வெட்டு எழுத மகன் இல்லை. எனவே அதைத் தாமே எழுதினார். தம் பிழைகளையும் நாட்டை இழந்ததற்கான பொறுப்பையும் அதில் ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய இருபது டன் எடையுள்ள அந்தக் கல்லின் முன் வழிகாட்டியிடம் சில வரிகளைப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். தம்மையே குற்றம் சாட்டிக் கல்லில் பொறித்து வைத்த அரசர்கள் உலக வரலாற்றில் மிகச் சிலரே.

அவருடைய வளர்ப்பு மகனின் மகன்தான் காய் டின். 1920இல் தொடங்கி 1931இல் முடிந்த அவருடைய கல்லறையில் தோட்டம் இல்லை, ஏரி இல்லை. மலைச்சரிவில் கருங்கட்டியாக எழும் சிமெண்டுக் கட்டடம், 127 படிகள். உள்ளே நுழைந்தவுடன் வண்ணப் பீங்கான் சில்லுகளும் கண்ணாடியும் பதித்த சுவர்கள் கண்ணைப் பறிக்கும். கூரையில் மேகங்களுக்கிடையே ஒன்பது நாகங்கள். அந்த ஓவியத்தை ஓவியர் காலால் வரைந்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்; செவிவழிக் கதை என்ற அளவில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செலவுக்காகக் குடிகள் மீது கூடுதல் வரி விதித்தார் என்பதும், 1922இல் மார்செய் கண்காட்சிக்குச் சென்றபோது அங்கிருந்த நாட்டுப்பற்றாளர் ஃபான் சௌ சின் அவருடைய ஏழு குற்றங்களை அடுக்கிக் கடிதம் எழுதினார் என்பதும் வரலாறு. பீங்கான் வேலையின் நேர்த்தியை வியக்கும்போதே இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் இந்தப் படிகள் கடினம், கைப்பிடித்து மெதுவாக ஏற வேண்டும். முடியாதென்றால் இந்த ஒன்றை விட்டுவிட்டு மின் மாங்கை எடுத்துக்கொள்ளலாம். அங்கே நடை அதிகம், ஏற்றம் குறைவு.

நுழைவுச் சீட்டு அரண்மனைக்கு 200,000 டாங் (வியட்நாம் நாணயம்), ஒவ்வொரு பெரிய கல்லறைக்கும் 150,000 டாங் என்ற அளவில் இருந்துவருகிறது. அரண்மனையையும் கல்லறைகளையும் சேர்த்து வாங்கும் கூட்டுச் சீட்டில் சற்று மிச்சமாகும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கல்லறைகளும் வழிபாட்டு இடங்களே. அரண்மனை வளாகத்தில் மின்வண்டி கிடைக்கும். அதைப் பெற்றோருக்கு ஏற்பாடு செய்துகொண்டால் பிற்பகலுக்குக் கால்களில் தெம்பு மிச்சமிருக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வியட்நாமிலேயே சைவர்களுக்கு மிகவும் அனுகூலமான ஊர் ஹுவேதான். பௌத்தம் ஆழ வேரூன்றிய இந்த ஊரில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில், பல குடும்பங்கள் மரக்கறி மட்டுமே உண்ணும். கோயில்களைச் சுற்றி சைவ உணவகங்கள் நிறைய உண்டு. பலகையில் ‘சாய்’ என்று எழுதியிருந்தால் அது சைவம். ஆனால் குழுச் சுற்றுலா நிறுத்தும் பொது உணவகத்தில் வெறும் கீரைப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். எனவே பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதி, காலையில் வழிகாட்டியிடம் ‘மீன் சாறும் கூடாது’ என்று மறுபடி சொல்லுங்கள். அசைவம் உண்பவர்கள் ஊரின் பெருமையான பூன் போ நூடுல்ஸைத் தவறவிடக் கூடாது. எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும் சேர்ந்த காரமான சாறு அது. மாட்டிறைச்சியும் பன்றியும் இருக்கும் என்பதை முன்னரே அறிந்துகொள்ளுங்கள். சிறு தட்டுகளில் வரும் அரிசிமாவுப் பலகாரங்கள் நம் இட்லி மாவின் உறவுபோல மென்மையாக இருந்தாலும் மேலே உலர்ந்த இறால் தூவியிருக்கும். தாமரை விதை இட்ட இனிப்புச் சாறு எல்லோருக்கும் ஏற்றது.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹுவேயில் மழைக்காலம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. அக்டோபர், நவம்பரில் ஆறு பெருகி ஊருக்குள் நீர் புகுவதும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் நம் அக்கினி நட்சத்திரத்துக்குக் குறையாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயதானவர்களுக்கு ஏற்ற காலம். தெத் புத்தாண்டு விடுமுறை நாட்களில் மட்டும் நெரிசல் இருக்கும்.

அந்த ஒரு நாளை இப்படி வகுத்துக்கொள்ளச் சொல்வேன்: காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை கோட்டை, அடுத்து தியன் மு, பகலுணவு, சற்று ஓய்வு, இரண்டு மணிக்கு து டுக், மூன்றரைக்குக் காய் டின். காய் டின் கல்லறை ஊருக்குத் தெற்கே, டா நாங் நெடுஞ்சாலைப் பக்கம் இருப்பதால் அங்கிருந்து நேரே திரும்பிவிடலாம். ஊதுவத்தி உருட்டும் துய் சுவான் தெருவும் து டுக் கல்லறைக்குப் பக்கத்திலேயே உள்ளது. படம் எடுக்கப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஹாய் வான் கணவாயைப் பார்க்கும் ஆவல் இருந்தால், கோடைகாலத்தில் திரும்பும்போது வெளிச்சம் இருக்கும், மேலே 1826இல் கட்டிய பழைய வாயிலையும் பார்க்கலாம். மற்ற மாதங்களில் மேலே ஏறுவதற்குள் இருட்டிவிடும். அப்போது வண்டியை விட்டுவிட்டு ஹுவேயிலிருந்து ரயிலில் திரும்பலாம் என்று சிலர் யோசிப்பார்கள். கடலோரமாகச் செல்லும் அந்த ரயில் பாதை அழகானதுதான். ஆனால் அதன் அழகும் பகலில்தான் தெரியும் என்பதால், ரயிலில் போக விருப்பமென்றால் காலையில் டா நாங்கிலிருந்து புறப்படும் வண்டியில் வலப்பக்க இருக்கைகளை முன்பதிவு செய்து, வழிகாட்டியை ஹுவே நிலையத்திலேயே வந்து நிற்கச் சொல்லுங்கள்.